மச்சான் வீட்டு வாசலில் அனுமதி கேட்டவன்

பைல் நாடு,
கொல்லிமலை.
மாசி மாதம், திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஞாயிறு இணைப்பு ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

கொல்லிமலை பைல் நாட்டிலிருந்து மிளகு விவசாயி சின்னுசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி பொன்னாயியும் மகள் அருணாவும் உடம்புக்கு நலம். மனசுக்கு நலமா என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சுக் கூடத்தில் கண் விழிக்கிறவர்களும், பேப்பர் கட்டை ஏற்றி இறக்குகிறவர்களும், முக்கியமாக "ஞாயிறு ஆங்கிலம்" பகுதியை எழுதுகிற பேராசிரியர் ஐயாவும் அறப்பளீஸ்வரர் புண்ணியத்தில் சுகமாக இருக்க வேண்டும். பேராசிரியர் மேல் எனக்குக் கோபம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் கொஞ்சம் இருந்தது. இப்போது வருத்தம் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் மலைப் பாதையைப் போல நானும் வளைத்து வளைத்துப் பேசினால் தங்களுக்குத் தலை சுற்றும், ஆகையால் விஷயத்தை நேராகவே சொல்கிறேன். வருகிற வாரம் வியாழக்கிழமை என் மகள் அருணாவுக்குக் கல்யாணம். அவளைக் கைப்பிடித்துப் பந்தலுக்கு அழைத்து வர வேண்டியவன் தாய்மாமன் ராசப்பன், அதாவது என் மச்சான், பொன்னாயியின் அண்ணன். அவன் வருவதாகத் தெரியவில்லை. நான் போன் செய்தால் எடுப்பதில்லை. மாமன் வராவிட்டால் தானும் பந்தலுக்கு வரப்போவதில்லை என்று மகள் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சீர் யார் கொண்டு வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நானும் ஏதேதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டே இருக்கிறேன். இத்தனைக்கும் காரணம் தங்கள் பத்திரிகையில் வந்த துணைவினைப் பாடம். இங்கிலீஷ் துணைவினைக்கும் கொல்லிமலைக் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி, அருவி பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறோம். ஹோம்ஸ்டே என்று அருணா பலகை எழுதி மாட்டியிருக்கிறாள். பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வருகிறவர்களிடம் நம் தமிழ் செல்லாது. என்னிடம் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். கார் வந்து நின்றதும் ஓடிப்போய் "கம்" என்பேன். உள்ளே வந்ததும் "சிட்" என்பேன். இலையைப் போட்டு "ஈட்" என்பேன், பாதியில் எழுந்திருக்கப் பார்த்தால் தோளை அழுத்தி "நோ, ஈட்" என்பேன். இருட்டின பிறகு வெளியே உலாத்தினால் கரடி வந்துவிடுமே என்று "கோ, ஸ்லீப்" என்று அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவேன். வாயார வயிறார உபசரித்ததாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தம்பதி ஊருக்குப் போய்ச் சேர்ந்து, இடம் அருமை, சாப்பாடு பிரமாதம், ஆனால் வீட்டுக்காரர் ராணுவ அதிகாரி மாதிரி உத்தரவு போடுகிறார், என் மனைவி பயத்தில் கூடுதலாக ஒரு தோசை சாப்பிட்டுவிட்டாள் என்று செல்போனில் எழுதி, ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டை மட்டும் கொடுத்திருந்தார்கள். அருணா விழுந்து விழுந்து சிரித்தபடி படித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் அந்தத் தோசையை ஆசைப்பட்டுச் சாப்பிட்டதாக நினைத்து நான் இரண்டு நாள் சந்தோஷப்பட்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தங்கள் இணைப்பில் துணைவினைப் பாடம் ஆரம்பமானது. ஒவ்வொரு ஞாயிறும் அதை வெட்டியெடுத்து, சோற்றுப் பருக்கையால் மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒட்டி, பால் கறக்கும்போது படித்தேன். இங்கிலீஷில் வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு உதவியாள் நிற்பார், கேள்வி கேட்பதென்றால் டூ, டிட், நடந்துகொண்டிருப்பதற்கு ஆம், இஸ், ஆர், முடிந்து போனதற்கு ஹேவ், ஹேட் என்று பேராசிரியர் அழகாக எழுதியிருந்தார். உதவியாள் வந்துவிட்டால் காலத்தையும் ஆளையும் அவரே சுமந்துகொள்வார், முதன்மை வினை சும்மா உட்கார்ந்துவிடும். ஆகவே "டிட் யூ ஈட்" என்றுதான் கேட்க வேண்டும், "டிட் யூ ஏட்" என்று கேட்கக் கூடாது. நான் அதுவரை "ஆர் யூ ஏட்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாடம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மாலையைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான், இலை போடுவது, தண்ணீர் தூக்குவது, மைக் செட்காரனோடு சண்டை பிடிப்பது எல்லாம் மச்சான்காரன்தான். என் கல்யாணத்தில் ராசப்பன் அப்படித்தான் ஓடினான், கடைசிப் பந்தியில் அவனுக்கு ரசம்கூட மிஞ்சவில்லை. ஆகையால் பாடத்தின் ஓரத்தில் "துணைவினை = மச்சான் ராசப்பன்" என்று பென்சிலால் எழுதி வைத்தேன். சாணி அள்ள வந்த பொன்னாயி அதைப் படித்துவிட்டு, தன் அண்ணன் பேரை எதற்கு மாட்டுக் கொட்டகையில் எழுதி வைத்திருக்கிறேன் என்று கேட்டு, பதில் சொன்ன பிறகும் நம்பாமல் போனாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு வந்த பாடம்தான் என் தலையில் கல்லைப் போட்டது. கேன், குட், மே, மைட், வில், வுட். "வா" என்பது கட்டளை, "வர முடியுமா" என்பது பண்பு, இங்கிலீஷில் மரியாதையின் பெரும்பகுதி துணைவினையில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார். பண்பான மனிதன் அனுமதி கேட்டுத்தான் உள்ளே நுழைவான், எதையும் கேட்டுத்தான் வாங்குவான், வேண்டாம் என்று மறுத்தால்கூட உடனே காரணம் சொல்லி, நன்றியும் சொல்வான் என்றும் எழுதியிருந்தார். படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வருஷம் மனுஷர்களைக் கோழி விரட்டுகிற மாதிரி விரட்டியிருக்கிறேனே என்று தோன்றியது. அன்றிலிருந்து விருந்தாளிகளிடம் "வுட் யூ லைக் டு ஹேவ் தோசை" என்று கைகட்டி நின்று கேட்டேன். அவர்களும் பண்பானவர்கள், "நோ, தாங்க்யூ" என்று சொல்லிவிட்டுக் காரில் இருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். நட்சத்திரம் கூடியது, சட்டியில் சோறும் கூடியது. மிஞ்சியதை நாய்க்குப் போட்டுப் போட்டு அது இப்போது குரைக்கக்கூட எழுந்திருப்பதில்லை.

இங்கிலீஷை இங்கிலீஷோடு விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. பழக்கம் படிய வேண்டும் என்று அதையே தமிழிலும் பேச ஆரம்பித்தேன். பொன்னாயியிடம், எனக்குக் கொஞ்சம் காப்பி கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்று, "என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்கற, மொதல்ல அதச் சொல்லு" என்றாள். மிளகு பறிக்க வருகிற ஆளிடம், கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணியைக் காட்டி, இன்றைக்கு உங்களால் ஏற முடியுமா என்று மரியாதையாகக் கேட்டேன். இருபது வருஷமாக "ஏறு" என்றால் ஏறுகிறவர், ஏணியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், கேட்டதால் சொல்கிறேன், முழங்கால் வலிக்கிறது, முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பழுத்த மிளகை நான்கு நாள் குருவி தின்றது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். குருவியும் வாழ வேண்டுமே என்று பண்போடு விட்டுவிட்டேன்.

இந்த அழகில்தான் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. எங்கள் வழக்கத்தில் முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. புருஷனும் பொண்டாட்டியுமாகப் போய்த் தட்டு வைக்க வேண்டும். அன்று பார்த்து அறைக்கு ஆட்கள் வந்துவிட்டதால் பொன்னாயி நின்றுகொண்டாள், நான் மட்டும் வெற்றிலை பாக்குத் தட்டோடு மலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். பஸ் வளைவுக்கு வளைவு திரும்ப, நான் வளைவுக்கு ஒரு வாக்கியமாக ஒத்திகை பார்த்துக்கொண்டே இறங்கினேன். பக்கத்து சீட்டில் இருந்தவர், வாந்தி வருகிறதா என்று கேட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ராசப்பன் முள்ளுக்குறிச்சியில் மாவு மில் வைத்திருக்கிறான். நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அதனால் வா, போ என்றுதான் பேச்சு. அவன் வீட்டுக்குப் போனால் நான் செருப்பை உதறிவிட்டு நேராக அடுப்படிக்குப் போவேன், சட்டி மூடியைத் திறந்து பார்ப்பேன், அவன் மனைவி அத்தாயி ஒரு பேச்சும் பேசாமல் தட்டை எடுத்து வைக்கும். அருணா ராசிபுரத்தில் காலேஜ் படித்ததே அந்த வீட்டில் தங்கித்தான், அத்தாயி கையால் தின்று வளர்ந்தவள். போன வருஷம் அத்தாயிக்கு டி.பி. வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் விழுங்கி, இனிமேல் ஒன்றுமில்லை, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தும் ஆகிவிட்டது. ஆனாலும் ஆள் பாதியாக இளைத்திருக்கிறது என்று பொன்னாயி சொல்லியிருந்தாள். நோயிலிருந்து எழுந்த மனுஷிக்கு நாம் போய் வேலை வைக்கக் கூடாது என்பதும் என் மனசில் இருந்தது. அதற்கும் பேராசிரியர் ஐயா ஒரு வாக்கியம் கொடுத்திருந்தார்.

வாசல்படியில் நின்றேன். செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தேன். திறந்து கிடந்த கதவை விரலால் தட்டினேன். உள்ளே உட்கார்ந்திருந்த ராசப்பன் நிமிர்ந்தான். "உள்ள வரலாமுங்களா?" என்றேன். எனக்குப் பின்னால் வேறு யாரோ பெரிய மனுஷர் வந்திருக்கிறார் என்று அவன் எழுந்து எட்டிப் பார்த்தான். நான் உள்ளே போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். அத்தாயி தண்ணீர் கொண்டு வந்தது. "நன்றிங்க" என்று வாங்கி, தாகம் இல்லாததால் அப்படியே மேஜைமேல் வைத்தேன். பிறகு எழுந்து, தட்டை இரண்டு கையாலும் நீட்டி, பஸ்ஸில் பழகியபடி, மகளுக்குக் கல்யாணம், தங்களால் வர இயலுமானால் நாங்கள் மிகவும் மகிழ்ச்சி அடைவோம் என்றேன். ஒரு பிசிறு இல்லை. அடுப்படியிலிருந்து அவரைக்கொட்டைக் குழம்பு வாசம் வந்தது. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் என்றால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். "எலை போட்டாச்சுங்கண்ணா, கை கழுவிட்டு வாங்க" என்றது அத்தாயி. வேண்டாமுங்க, உங்களுக்குச் சிரமம் கொடுக்க விரும்பவில்லை, கேட்டதற்கு ரொம்ப நன்றி என்றேன். மறுப்பு, காரணம், நன்றி மூன்றும் பாடத்தில் இருந்த வரிசையிலேயே வந்து விழுந்தன. எப்படி என்று பார்க்க அத்தாயி முகத்தைத் தேடினேன். அது உள்ளே போய்விட்டிருந்தது.

ராசப்பன் தட்டை வாங்கி அலமாரி மேல் வைத்தான். அப்புறம், "வர முடியுமான்னு கேட்டீங்க. யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றான்.

பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தவன் என்னை "ங்க" போட்டுப் பேசினான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை ஐயா. மச்சானும் நம்மைப் பார்த்துத் திருந்திவிட்டான் என்று மகிழ்ந்துகொண்டே பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே ஒப்பித்ததும் பொன்னாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "தாய்மாமன யாராச்சும் வர முடியுமான்னு கேப்பாங்களா? வந்து நில்லுன்னு சொல்லோணும். அவன் ஊட்டுப் புள்ள கல்யாணத்துக்கு அவனயே விருந்தாளி ஆக்கிட்டு வந்திருக்கறயே" என்றாள். பாடத்தை எடுத்து வந்து காட்டலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

தங்கச்சி போன் செய்தால் ராசப்பன் எடுக்கிறான். சாப்பிட்டாயா, மாடு கன்று போட்டதா என்று அக்கறையாக விசாரிக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்ததும் கரன்ட் வந்துவிட்டது, மில்லை ஓட்ட வேண்டும் என்று வைத்துவிடுகிறான். நேரில் போயிருக்கலாமே என்பீர்கள். போனேன். மில்லில் அரிசியும் ராகியுமாகக் கூட்டம் நிற்க, அத்தனை பேர் நடுவில் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கடையிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்து, "வேற ஏதாச்சும் வேணுமுங்களா?" என்று கேட்டான். வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வா என்று அவன் சொல்லவில்லை, நானும் போகவில்லை. தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வந்தவனைப் போல டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அன்று சாயங்காலம் அருணா, கல்யாணப் புடவையை மடித்து அதன் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு, "மாமன் வந்து கையப் புடிக்கட்டும், நான் பந்தலுக்கு வாரேன். இல்லீனா நீங்களே போய் உக்காந்துக்குங்க" என்றாள். என் மகள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. அழுதிருந்தாலாவது தேற்றியிருப்பேன்.

எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது ஐயா. ஊரார் சிரித்தால் போகட்டும், மாப்பிள்ளை வீட்டார் முறைத்தாலும் கையைக் காலைப் பிடித்துச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் என்னோடு ஒரு தட்டில் தின்றவன் எனக்கு நாற்காலி துடைத்துப் போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். முன்பின் தெரியாத பெங்களூர்க்காரர்கள் என்னை முரடன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று கற்றுக்கொண்டதை, என்னை நன்றாகத் தெரிந்தவன் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

இப்போது தங்களால் ஆக வேண்டிய காரியம். ராசப்பன் மில்லுக்குப் பக்கத்தில் அப்பாஸ் அலி என்று மிளகு, காப்பிக்கொட்டை வாங்குகிற வியாபாரி கடை வைத்திருக்கிறார். எனக்கும் ராசப்பனுக்கும் வேண்டியவர். அந்தக் கடைக்குத் தங்கள் பத்திரிகை வருகிறது. ஞாயிறு காலையில் மில் கிடையாது என்பதால் ராசப்பன் அங்கே உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பான். டெண்டர் அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி, தொலைந்து போன பத்திரம், எதையும் விடமாட்டான். என் போனை எடுக்காதவன் தங்கள் பேப்பரை எடுப்பான். ஆகவே வருகிற ஞாயிறு ஆங்கிலப் பகுதியில், பேராசிரியர் ஐயா கையெழுத்தோடு, கண்ணில் படும்படி கட்டம் கட்டி, கீழ்க்கண்டதைப் போட வேண்டுகிறேன்:

"திருத்தம். இப்பகுதியில் வெளியான மரியாதைப் பாடம் அந்நியர்களுக்கு மட்டுமே பொருந்தும். தாய்மாமன், மச்சான், மாமன் பொண்டாட்டி ஆகியோருக்குப் பொருந்தாது. இதை அறியாமல் பொருத்திப் பார்த்த பைல் நாட்டு வாசகர் ஒருவர் மிகவும் வருந்துகிறார். மச்சான், பொறப்பட்டு வா. வந்து நில்லு."

கடைசி இரண்டு வாக்கியத்தைத் திருத்திவிட வேண்டாம். "வருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது அழகுபடுத்திவிட்டால் என் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். இடம் போதாது என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளவும், மகர ராசி என்னுடையதுதான், இந்த வாரம் எனக்கு எப்படி என்று எனக்கே தெரியும். கல்யாணத்துக்குத் தாங்களும் பேராசிரியரும் வந்து சேருங்கள். வர முடியுமா என்று நான் கேட்கவில்லை.

தங்கள் பத்திரிகை நாலு ஊர் தாண்டி நாற்பது ஊர் போகட்டும், மையும் காகிதமும் குறைவில்லாமல் கிடைக்கட்டும், தங்கள் வீட்டு மச்சான்மார்கள் கூப்பிடாமலே வரட்டும் என்று வாழ்த்தி,

என்றும் தங்கள் வாசகன்,
சின்னுசாமி.

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவுகிற நேரத்தில் மிளகு மூட்டை எடுக்க அப்பாஸ் அலியே ஜீப்பில் வந்து இறங்கினார். விஷயம் தெரிந்தவர் ஆயிற்றே, பிழை ஏதும் இருந்தால் சொல்லட்டும் என்று கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். திருத்தம் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்க, இங்கிலீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க வரலாமான்னு கேட்டத ராசப்பன் எங்கடையில நடிச்சுக் காட்டிச் சிரிச்சாருங்க. மாப்ள பேப்பரப் படிச்சுட்டு வந்திருக்கறான்னு அன்னிக்கே அவருக்குத் தெரியும், அந்தப் பாடத்த அவருந்தான படிச்சாரு. நீங்க கை நனைக்காமப் போனீங்களே, அதுதானுங்க. அத்தாயிம்மா சீக்காப் படுத்ததுல இருந்து சொந்தக்காரங்க யாரும் அந்த ஊட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கறதில்ல. டாக்டர் எழுதிக் குடுத்தும் வாசலோட நின்னு பேசிட்டுப் போயிடறாங்க. சின்னுசாமி அண்ணன் வந்தா நேரா வந்து சட்டியத் தொறப்பாருன்னு அந்தம்மா அன்னிக்கு வெடியக் காலையில இருந்து அடுப்படியில நின்னுச்சாம். நீங்க தண்ணியக்கூடத் தொடாம வெச்சுட்டு வந்துட்டீங்க."

சொல்லிவிட்டு, போன வாரம்கூடத் தான் அங்கேதான் மத்தியானம் சாப்பிட்டதாகவும் குழம்பு நன்றாக இருந்ததாகவும் சொன்னார். பொன்னாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குப் பயம் இருந்ததா என்று என் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுப் பார்த்தேன். இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அது எனக்குத்தானே தெரியும். அத்தாயிக்குத் தெரிந்ததெல்லாம் மேஜைமேல் நான் வைத்துவிட்டு வந்த அந்தத் தண்ணீர்ச் செம்புதான்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் பிரசுரிக்க வேண்டாம். தபால் தலை ஒட்டிவிட்டதால்தான் அனுப்புகிறேன். பேராசிரியர் மேல் ஒரு பிழையும் இல்லை, மஸ்ட் பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது, தடையில்லாமல் நடக்கட்டும். நாளை முதல் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் முள்ளுக்குறிச்சிக்கு இறங்குகிறோம். காலையில் அடுப்புப் பற்றவைக்கப் போவதில்லை என்று பொன்னாயி சொல்லிவிட்டாள், காப்பியும் கிடையாது. ராசப்பன் கல்யாணத்துக்கு வருவானா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் வாசலில் நிற்காமல் அடுப்படிக்குப் போய், சட்டி மூடியைத் திறந்து பார்த்து, தட்டை நானே எடுத்துக்கொண்டு கீழே உட்கார வேண்டும். அத்தாயியிடம் சொல்வதற்கு ராத்திரியெல்லாம் வாக்கியம் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். தேவைப்படவில்லை. "சோறு போடு" என்று சொல்லப் போகிறேன்.